படிக்க ஆளில்லாத பதிவேடு

சட்டப் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதக் கிளம்பிவிட்டானே இந்தக் கதாசிரியன் என்று வாசகர்களில் சிலர் சிரிக்கக்கூடும். நான் என்ன செய்வது? சென்ற மாதம் நண்பர் ஒருவர் துணிப்பையிலிருந்து இரண்டு கட்டுக் காகிதங்களை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர் அவர். அதே வட்டாரத்தில், பிறந்த கிராமத்திலேயே இப்போது இருக்கிறார். நல்ல வாசகர். எனக்குப் பிடித்த நாவல்களை மறுப்பார். எனக்குப் பிடிக்காதவற்றை இரண்டு தரம் படிப்பார்.

"மாசாமாசம் யாராவது ஒரு நாவலாசிரியரைப் பிடிச்சு வதைக்கிறீங்களே, இதையும் கொஞ்சம் படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க. நல்லா இருக்கிற மாதிரியும் இருக்கு, ஒண்ணுமே இல்லாத மாதிரியும் இருக்கு" என்றார்.

ஒரு கட்டு, 2002-ஆம் வருஷத்திய உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம். அதோடு சேர்ந்த கொள்கை அறிக்கைகள். இன்னொரு கட்டு, அவருடைய ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. ஊராட்சியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் காணும் குறைகள் அந்த ஓர் ஊருக்கு மட்டும் உரியவை அல்ல. இரண்டையும் நாவல் படிப்பதுபோலவே படித்தேன். யார் எழுதியது, யாருக்காக எழுதியது, எதற்குப் பயந்து எழுதியது என்று பார்த்துக்கொண்டே படித்தேன். படித்து முடித்ததும் ஊரையும் பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறினேன்.

பூந்தமல்லி தாண்டிப் பெங்களூர் சாலையில் போனால், இடது கைப்பக்கம் கொஞ்ச தூரத்தில் செம்பரம்பாக்கம் ஏரி கிடக்கிறது. அதைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை. பெயரைச் சற்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். இரும் என்றால் பெரியது. கரியது என்றும் பொருள் உண்டு. பெருங்காடு, இருண்ட காடு என்று எப்படி வைத்துக்கொண்டாலும் பெயருக்குள் ஒரு காடு இருக்கிறது. வெளியே சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. 1990-இல் மோட்டார்ப் பந்தயத் தடம் வந்தது. 1996-இல் ஹூண்டாய் நிறுவனம் வந்து, 1998-இல் முதல் கார் வெளியே ஓடியது. பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் என்று தொழிற்சாலைகள் பரவி, ராமாநுஜர் பிறந்த ஊர் உலக வரைபடத்தில் கார்களின் ஊராகிவிட்டது.

இதை ஒரு புலம்பலாகச் சொல்ல எனக்குச் சம்மதமில்லை. நண்பருடைய இரண்டு பெண்களும் படித்தது அந்தத் தொழிற்சாலைச் சம்பளத்தில்தான். விதைத்தது பாதி, முளைத்தது பாதி என்றிருந்த மானாவாரி நிலத்தை விற்று, மகனைப் பாலிடெக்னிக்கில் சேர்த்த குடும்பங்கள் அங்கே எத்தனையோ. காடு போயிற்றே என்று நகரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கண்ணீர் விடுவது சுலபம். நான் போன பஸ்ஸும் தொழிற்சாலையில் செய்ததுதான். ஆகையால் தொழிற்சாலை வேண்டுமா வேண்டாமா என்பது இங்கே கேள்வி அல்ல. தேசத்துக்கு ஒரு கொள்கை இருக்கிறதே, அது இந்த ஊரில் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

முதலில் அந்தக் கொள்கையின் பூர்வோத்தரம். 1992-இல் ரியோ டி ஜெனிரோவில் உலக நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. உயிர்வகைகளைக் காக்க வேண்டும், அழியாதபடி பயன்படுத்த வேண்டும், அதனால் வரும் லாபத்தை நியாயமாகப் பங்கிட வேண்டும் என்று மூன்று நோக்கங்கள். 1994-இல் இந்தியா அதை ஏற்றது. 1999-இல் ஒரு தேசியக் கொள்கை, 2002-இல் சட்டம், 2008-இல் செயல் திட்டம், 2014-இல் 12 இலக்குகள், 2024-இல் 23 இலக்குகள் என்று ஏடுகள் வளர்ந்திருக்கின்றன. சட்டத்தை நடத்துவதற்காக 2003-இல் ஏற்பட்ட தேசியப் பல்லுயிர் ஆணையம் டில்லியில் இல்லை. நம் சென்னையில், தரமணியில் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து காலையில் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்த் திரும்பிவிடலாம்.

சட்டத்தை எழுதியவர்கள் அசிரத்தையாக எழுதவில்லை. அதில் ஒரு பகுதி எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. 41-ஆவது பிரிவு. ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு குழு அமைய வேண்டும்; அந்தக் குழு ஊராரைக் கேட்டு, ஊரில் உள்ள செடி கொடி, மீன், பறவை, நெல் ரகம், மாட்டு இனம், அவற்றைப் பற்றி ஊரார் அறிந்தது எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். யோசித்துப் பார்த்தால் இது சாமானியமான காரியமல்ல. நம் நாட்டில் கிராமத்தானைப் பற்றி எழுதப்பட்ட பதிவேடுகள் ஏராளம். வரி பாக்கி, அடங்கல், சிட்டா, எல்லாம் மற்றவர்கள் அவனைப் பற்றி எழுதியவை. அவனையே ஆசிரியனாக்கி, உனக்குத் தெரிந்ததை எழுது என்று சொன்ன சர்க்கார்ச் சட்டம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். இந்த எண்ணத்துக்காக மட்டுமே அந்தச் சட்டத்தை நூலகத்தில் வைக்கலாம்.

எழுதச் சொன்னார்கள், சரி. எழுதியதைப் படிப்பது யார்? நான் சொல்ல வந்த விஷயம் இது ஒன்றுதான்.

இதற்கு விடை காண, சட்டம் எதற்குப் பயந்து எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். கதைக்கு வில்லன் யார் என்று தெரிந்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். 1995-இல் அமெரிக்காவில் மஞ்சளின் புண் ஆற்றும் குணத்துக்குப் புதுமை உரிமை கொடுத்துவிட்டார்கள். நம்முடைய விஞ்ஞான ஆராய்ச்சிக் கழகம் வழக்காடி 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது. வேம்புக்கு ஐரோப்பாவில் 1994-இல் கொடுத்த உரிமை 2000-இல் ரத்தாகி, 2005-இல்தான் வழக்கு ஓய்ந்தது. நம் பாட்டி அரைத்த மஞ்சளுக்கு எவனோ சொந்தம் கொண்டாடுகிறானே என்று தேசமே கொதித்த காலம் அது. அந்தக் கொதிப்பில் பிறந்த சட்டம் இது. அதில் வரும் வில்லன் அந்நியன்; கோட்டும் சூட்டும் போட்டவன்; கையில் ஒரு சோதனைக் குழாயோடு வருகிறான். அவன் ஓர் இலையைப் பறிக்க வேண்டுமானாலும் தரமணியில் அநுமதி பெற வேண்டும். அப்படி அநுமதி கொடுக்கும்போது ஊர்க் குழுவைக் கலந்து ஆலோசிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அதாவது, இலைக்கு ஆள் வந்தால் பதிவேட்டைத் திறக்க வேண்டும்.

ஆனால் இருங்காட்டுக்கோட்டை வட்டாரத்துக்கு இலைக்காக யாரும் வரவில்லை. நிலத்துக்காக வந்தார்கள். செடி நின்ற இடத்தை வாங்குகிறவனுக்குச் செடி தேவையே இல்லை. அவன் திருடவில்லை, அப்புறப்படுத்துகிறான். அவன் வரும்போது பதிவேட்டைத் திறந்து பார்த்தே ஆகவேண்டும் என்று சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், 36-ஆவது பிரிவு இதை அறவே மறக்கவில்லை. பல்லுயிருக்குக் கேடு செய்யக்கூடிய திட்டங்களின் விளைவை மத்திய சர்க்கார் மதிப்பிட வேண்டும் என்கிறது. ஆனால் அவசியப்பட்டால், பொருத்தமானால் என்கிற வார்த்தைகளை முன்னால் போட்டுக்கொண்டுதான் அதைச் சொல்கிறது. அவசியமா என்று தீர்மானிப்பது யார்? அந்த ஊர்க் குழு அல்ல. கதாநாயகனுக்கு வாளைக் கொடுத்து, உறையோடு சேர்த்துத் தைத்துவிட்டது போல இருக்கிறது.

இனி இரண்டாவது கட்டு. நண்பர் ஊர்ப் பதிவேடு. பல வருஷங்கள் நாட்டில் பெரும்பாலான ஊர்களில் பதிவேடே இல்லாமல் இருந்தது. 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 2020 ஜனவரி 31-க்குள் எல்லா உள்ளாட்சிகளும் முடித்தாக வேண்டும், தவறினால் மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று கெடு வைத்தது. கெடு வைத்தால் நம் நாட்டில் நடக்காத காரியம் உண்டா? இன்று இந்தியாவில் இரண்டரை லட்சத்துக்கு மேல் பதிவேடுகள் இருக்கின்றன. எந்த மொழியிலும் ஒரு பதிப்பாளர் இவ்வளவு சீக்கிரம் இத்தனை புத்தகம் போட்டிருக்க முடியாது.

அவசரத்தில் எழுதியது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. மலைச்சரிவில் வளரும் ஒரு மூலிகை, நண்பர் ஊரில் சாதாரணமாகக் காணப்படுவதாகப் போட்டிருக்கிறது. "எங்க ஊர்லே கல்லே கிடையாதுங்க, மலைக்கு எங்கே போறது?" என்றார் நண்பர். எங்கிருந்தோ பார்த்து எழுதியிருக்கிறார்கள். இதை நான் பெரிய குற்றமாகச் சொல்லவில்லை. முதல் பதிப்பில் பிழை இருக்கும். இரண்டாம் பதிப்பில் திருத்தலாம். என்னை நிறுத்தி வைத்தது வேறு இரண்டு கட்டங்கள்.

ஒவ்வொரு உயிருக்கும் உள்ளூர்ப் பெயர், விஞ்ஞானப் பெயர், பயன் என்று கட்டங்கள் போட்டு, அதன் நிலை என்ன என்பதற்கு 'முன்பு', 'இப்போது' என்று இரண்டு கட்டங்கள் போட்டிருக்கிறார்கள். விரால் மீன். முன்பு: அதிகம். இப்போது: குறைவு. நாமக்கோழி. முன்பு: அதிகம். இப்போது: குறைவு. செங்கல்பட்டுச் சிறுமணி நெல். முன்பு: உண்டு. இப்போது: இல்லை. பக்கம் பக்கமாக இப்படியே போகிறது. நாவல் எழுதுகிறவனுக்குத் தெரியும், முன்புக்கும் இப்போதுக்கும் நடுவில்தான் கதை இருக்கிறது என்று. அந்தக் கதையைக் கேட்கும் கட்டம், 'ஏன்' என்கிற கட்டம், நான் பார்த்த படிவத்தில் இல்லை.

நண்பர் என்னை ஏரிக்கரைக்கு அழைத்துக்கொண்டு போனார். கரைமேல் பனை மரங்கள், உள்வாயில் கருவேல மரங்கள், ஓரத்தில் இரண்டு மடையான்கள். கலங்கல் பக்கம் ஒரு பெரியவர் ஆடுகளை மேயவிட்டு உட்கார்ந்திருந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். விராலைப் பற்றிக் கேட்டேன்.

"விராலா? ஏரி வத்திப்போச்சுன்னா அது சேத்துக்குள்ளே போய்ப் படுத்துக்கும் சார். மேலே வெடிச்சுக் கிடக்கும், கீழே உசிரோட இருக்கும். மழை வந்தா எழுந்து வந்துடும். வெயிலு அதைக் கொல்லாது" என்றார்.

"அப்புறம் ஏன் இப்போது இல்லை, பெரியவரே?"

"தண்ணி வர்ற வழி போச்சே! அதோ பாருங்க, சுவரு தெரியுது இல்லே, அதுக்குக் கீழேதான் வரத்துக்கால் வந்துச்சு. மேலே இருக்கிற ஏரி நெரம்பி அது வழியா இங்கே வரணும். இங்கே நெரம்பி அடுத்த ஊருக்குப் போவணும். இப்போ சாக்கடைத் தண்ணிதான் வருது. வலை போட்டா ஜிலேபிக் கெண்டைதான்."

"இதைப் பதிவேடு எழுத வந்தவர்களிடம் சொன்னீர்களா?"

"கேட்டாங்க. என்னென்ன மீனு இருக்குன்னு கேட்டாங்க. சொன்னேன். ஏன் போச்சுன்னு யாரும் கேக்கலியே."

விரால், வெயிலைத் தாங்கும், சுவரைத் தாங்காது. மூன்று வாக்கியத்தில் அந்தப் பெரியவர் சொன்னது பதிவேட்டில் இருந்திருந்தால் அது வெறும் ஜாபிதாவாக இருந்திராது. ஏரிகள் ஒன்றுக்கொன்று தண்ணீர் கொடுத்து வாங்கும் சங்கிலி அந்த ஜில்லாவின் உயிர்நாடி. மேல் ஏரி நிரம்பிக் கீழ் ஏரிக்கு வழிந்து, கடைசியில் செம்பரம்பாக்கம், அங்கிருந்து அடையாறு, கடல். 2015 டிசம்பரில் சென்னையில் அடையாற்றங்கரைவாசிகள் மாடிமேல் நின்றுகொண்டு அந்தப் பாதையை நேரில் அறிந்துகொண்டார்கள். விராலின் வழியும் வெள்ளத்தின் வழியும் ஒரே வழிதான். விரால் எங்கே போயிற்று என்று கேட்டவர்கள், வெள்ளம் எங்கே போகும் என்றும் கேட்டிருப்பார்கள்.

வாசகன் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் இல்லாமல் இல்லை. அதே பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் வேடந்தாங்கல் இருக்கிறது. 1798 வாக்கில், வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டு, சுடக் கூடாதென்று உத்தரவு வாங்கினார்கள். அப்போது ரியோ உடன்படிக்கையும் இல்லை, தரமணி ஆணையமும் இல்லை. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் கொழிக்கிறது என்பது ஊராருக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் அதை எழுதி வைக்கவில்லை. ஆனால் தினமும் படித்தார்கள். பறவை மிரளுமென்று தீபாவளிக்கு வெடி கொளுத்தாத ஊர் அது. 2020-இல் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் எல்லையை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் யோசனை வந்தபோது பலத்த எதிர்ப்புக் கிளம்பியதில் ஆச்சரியமில்லை. இருநூறு வருஷமாகப் பலர் படித்துவரும் புத்தகத்தில் பக்கத்தைக் கிழிப்பது கஷ்டம்.

மதுரைக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டி இன்னொன்று. 2022 நவம்பரில், இந்தச் சட்டத்தின் 37-ஆவது பிரிவின்படி, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அங்கே சுமார் 193 ஹெக்டேரை அறிவித்தார்கள். சரியாக இரண்டு வருஷம் கழித்து, 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்தது. ஒரு சர்க்கார் கை எழுதியதை இன்னொரு சர்க்கார் கை படிக்கவில்லை. ஊரார் படித்திருந்தார்கள். கிராமம் கிராமமாகத் திரண்டார்கள். சட்டசபையும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. காப்பாற்றியது சட்டமா, ஜனங்களா என்று கேட்டால், ஜனங்கள்தான். ஆனால் பாரம்பரியத் தலம் என்று சட்டம் கொடுத்த பெயர் அவர்கள் கையில் ஒரு தடியாக இருந்தது என்பதையும் மறுக்கக் கூடாது. வாசகன் கிடைத்தால் இந்தச் சட்டத்துக்கும் உயிர் வருகிறது.

இதைச் சொன்னபோது நண்பர் ஓர் ஆட்சேபம் எழுப்பினார். "அரிட்டாபட்டியிலே ஏழு மலை இருக்கு, பாண்டியர் குடைவரை இருக்கு, சமணர் படுக்கை இருக்கு, வல்லூறு இருக்கு. எங்க ஊர்லே என்னங்க இருக்கு? ஒரு ஏரி, நாலு கொக்கு."

அந்த ஆட்சேபத்தில்தான் எனக்கு இந்தக் கொள்கையின் ருசியே பிடிபட்டது. அது ராஜா ராணிக் கதை எழுதும் கொள்கை. புலி வேண்டும், மலை வேண்டும், அபூர்வ மூலிகை வேண்டும். சாதாரணப் பாத்திரங்களுக்கு அதில் பெயர் உண்டு, பேச்சு இல்லை. நம் நாவலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. குமாஸ்தாவும் குடியானவனும் கதாநாயகர்களாக வந்த பிறகுதான் அது நம்முடைய நாவலாயிற்று. உயிர்களின் விஷயத்திலும் அந்த மாறுதல் வந்தாக வேண்டும். நாட்டில் அரிட்டாபட்டிகள் கொஞ்சம்; நாலு கொக்கு ஏரிகள் பல்லாயிரம். தண்ணீர் இறங்குவதும் நெல் விளைவதும் இந்தச் சாதாரண ஏரிகளால்தான்.

இந்த நேரத்தில் 2023-ஆம் வருஷத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அந்த வருஷம் டில்லியில் இந்தப் பல்லுயிர்ச் சட்டத்தைத் திருத்தினார்கள். முன்பு 5 வருஷம் வரை சிறை என்று இருந்ததை எடுத்துவிட்டு, 1 லட்சம் முதல் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றினார்கள். அதே வருஷம் சென்னையில் நில ஒருங்கிணைப்புச் சட்டம் ஒன்று நிறைவேறியது. 2024-இல் அமலுக்கும் வந்துவிட்டது. 100 ஹெக்டேருக்குக் குறையாத ஒரு பெரிய திட்டத்தின் நிலத்துக்குள் ஏரியோ ஓடையோ கால்வாயோ அகப்பட்டால், அதைத் திட்டத்தோடு சேர்த்து ஒருங்கிணைக்க அது வழி செய்கிறது. நிபுணர் குழு உண்டு, ஆட்சேபம் சொல்ல வாய்ப்பு உண்டு என்கிறார்கள். இருக்கட்டும். ஒரு சட்டம் ஏரியை எழுதி வைக்கச் சொல்கிறது. இன்னொரு சட்டம் அந்த ஏரியைச் சேர்த்துக்கொள்ள வழி சொல்கிறது. முதல் சட்டத்தின் பதிவேட்டை இரண்டாவது சட்டத்தின் மேஜைமேல் வைத்தே ஆகவேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு வாதமாவது நடந்திருக்கும்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. முகவுரை முதல் தரம். எண்ணம் உயர்ந்தது. கதாபாத்திரங்கள் ஏராளம். வில்லனைத் தேர்ந்தெடுத்ததில் பாதிதான் சரி. முடிவு எழுதப்படவில்லை. திருத்திய பதிப்புக்கு நான் சொல்லக்கூடியவை இரண்டே. 'முன்பு', 'இப்போது' என்ற கட்டங்களுக்கு நடுவே 'ஏன்' என்று ஒரு கட்டம் போடுங்கள். ஊரில் நிலம் பயன் மாறும்போது, அதை மாற்றுகிற அதிகாரி முதலில் அந்த ஊர்ப் பதிவேட்டைப் படித்து, படித்தேன் என்று கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு வாக்கியம் சேருங்கள். மறுக்கும் அதிகாரம்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். படித்தவனுக்குக் கொஞ்சம் கூச்சமாவது வரும். இலக்கியம் செய்யக்கூடிய வேலையும் அவ்வளவுதானே.

பஸ் நிறுத்தத்தில் நண்பரிடம் இதைச் சொன்னேன். "சட்டம் திருத்தறது உங்க கையிலேயும் இல்லை, என் கையிலேயும் இல்லை" என்றார்.

"வாசிப்பது இருக்கிறதே" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "அக்டோபர் ரெண்டாம் தேதி கிராம சபை வருது. வரவு செலவு வாசிப்பாங்க. அது முடிஞ்சதும் இந்தப் பதிவேட்டைச் சத்தமா வாசிக்கச் சொல்றேன். மலை மூலிகை வந்தா எல்லாரும் சிரிப்பாங்க. விரால் வந்தா அந்தப் பெரியவர் எழுந்து பேசுவாரு" என்றார்.

"அவர் பேசுவதை யாராவது எழுதிக்கொள்ள வேண்டுமே?"

"இருபது வருஷம் கணக்கு எழுதினவன் நான். எழுத மாட்டேனா?" என்று சொல்லிப் பதிவேட்டைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டார்.